முட்டை வழக்குகள்: புதுக்கடையில் இருந்து ஒட்டாவா வரை

இலங்கையின் நீதிமன்ற வரலாற்றை எழுதுவோர் அரசியலமைப்பு வழக்குகளையும் தேர்தல் வழக்குகளையும் அடிப்படை உரிமை மீறல் வழக்குகளையும் பற்றியே பெரும்பாலும் எழுதுவர். அரிசி, பாண், துணி, முட்டை ஆகியவற்றைப் பற்றிய வழக்குகளுக்கு அந்த ஏடுகளில் இடம் குறைவு. ஆனால் அரசாங்கத்தின் அதிகாரம் சாதாரண மனிதனின் அன்றாட வாழ்க்கையை எங்கே தொடுகிறது என்பதை அறிய விரும்புபவர்கள் இந்தச் சிறிய வழக்குகளையே முதலில் வாசிக்க வேண்டும். அவற்றுள் ஒன்று, 2022 ஆம் ஆண்டில் முட்டை உற்பத்தியாளர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எதிராகக் கொழும்பில் தொடுத்த எழுத்தாணை வழக்கு.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்தவர்களுக்கு அந்த ஆண்டின் நினைவுகள் இலகுவில் மறைந்துவிடாதவை. எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற ஆண்டு அது. பால்மா கிடைக்கவில்லை, மீன் விலை எட்டாத உயரத்துக்குப் போனது, இறைச்சியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. எஞ்சியிருந்தது முட்டை ஒன்றுதான். பிள்ளைகளுக்குப் புரதம் என்று கொடுக்கக்கூடியதாக இருந்த கடைசிப் பண்டமும் அதுவே. அதன் விலையும் ஏறத் தொடங்கியபோது அரசாங்கம் வர்த்தமானியைக் கையில் எடுத்தது.

2022 ஓகஸ்ட் மாதத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை அதிவிசேட வர்த்தமானி அறிவித்தல் ஒன்றின் மூலம் முட்டைக்கு அதிகபட்ச சில்லறை விலையை நிர்ணயித்தது. வெள்ளை முட்டை ஒன்று 43 ரூபா. சிவப்பு முட்டை ஒன்று 45 ரூபா. அதற்கு மேல் ஒரு ரூபா கூட்டி விற்றாலும் குற்றம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 20 ஆம் பிரிவின் 5 ஆம் உட்பிரிவு இந்த அதிகாரத்தைச் சபைக்கு வழங்குகிறது. 2021 ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, கட்டுப்பாட்டு விலையை மீறும் தனிநபர் ஒருவருக்குரிய ஆகக் குறைந்த தண்டப்பணம் ஒரு இலட்சம் ரூபா. கம்பனியாயின் ஐந்து இலட்சம் ரூபா. மூலைக்கடையில் முப்பது முட்டை கொண்ட ஒரு தட்டை வைத்து விற்கும் கடைக்காரருக்கு ஒரு இலட்சம் ரூபா என்பது என்ன என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கோழியின் கணக்கு

சட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் கோழியின் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. வழக்கின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 முதல் 120 கிராம் வரையான தீவனத்தை உண்ணும். ஆண்டொன்றுக்கு 42 கிலோ என்று கொள்ளலாம். நன்றாகப் பராமரிக்கப்பட்ட கோழி ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். அப்படியானால் ஒரு முட்டைக்குப் பின்னால் 140 கிராம் தீவனம் இருக்கிறது. தீவனம் கிலோ 200 ரூபா என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், முட்டை ஒன்றின் தீவனச் செலவு மட்டும் 28 ரூபா. எஞ்சிய 15 ரூபாவுக்குள் குஞ்சின் விலை, அது முட்டையிடத் தொடங்கும் வரை ஊட்டிய தீவனம், தடுப்பூசி, மின்சாரம், கூலி, லொறிச் செலவு, உடைந்த முட்டையின் நட்டம், மொத்த வியாபாரியின் பங்கு, சில்லறைக் கடைக்காரரின் பங்கு எல்லாம் அடங்கவேண்டும். தீவன விலை இன்னும் ஐம்பது ரூபா ஏறினால் அந்த 15 ரூபாவில் 7 ரூபா கரைந்துவிடும்.

தீவன விலை ஏன் ஏறியது? இரண்டு காரணங்கள். கோழித் தீவனத்தின் முதன்மைப் பொருள் சோளம். அநுராதபுரம், மொனராகலை, அம்பாறை போன்ற மாவட்டங்களில் பயிராகும் சோளத்தை 2021 மே மாதத்தில் விதிக்கப்பட்ட இரசாயன உர இறக்குமதித் தடை கடுமையாகப் பாதித்தது. தடை அதே ஆண்டின் நவம்பரில் நீக்கப்பட்டபோதிலும் பருவம் கைவிட்டுப் போயிருந்தது. அடுத்தது டொலர் நெருக்கடி. 2022 மார்ச்சில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலரின் பெறுமதி மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. சோயா, விற்றமின் கலவை, மருந்து, தாய்க்கோழிக் குஞ்சுகள் யாவும் வெளிநாட்டில் இருந்து வருபவை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது ஒரே ஆண்டில் உணவின் விலை ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது.

இந்த நிலையில் பண்ணையாளர் செய்யக்கூடியது ஒன்றுதான். தீவனம் போட முடியாத கோழிகளை இறைச்சிக்கு விற்றுவிடுவது. வயம்பப் பகுதியில், குறிப்பாகக் குளியாப்பிட்டி, பன்னல சுற்றுவட்டாரங்களில், நாட்டின் கோழி வளர்ப்பின் பெரும்பகுதி குவிந்திருக்கிறது. அங்கே வீட்டின் பின்புறத்தில் சில நூறு கோழிகளை வைத்திருந்த சிறு பண்ணையாளர்களே முதலில் கைவிட்டார்கள். கோழியைக் கொன்றுவிட்டால் மறுநாள் வாங்கி வைக்க முடியாது. குஞ்சு பொரித்து முட்டையிடத் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஐந்து மாதம் வேண்டும். தாய்க்கோழிக் குஞ்சுகளின் இறக்குமதியிலிருந்து எண்ணினால் ஓராண்டுக்கும் மேல் ஆகும். வர்த்தமானி ஓர் இரவில் அச்சாகிவிடும். கோழி அப்படி அச்சாவதில்லை.

விலைக்கட்டுப்பாடு வந்த பின்னர் நடந்ததைக் கொழும்பு வாசிகள் அறிவர். சில கடைகளில் முட்டை மறைந்தது. சில கடைகளில் தெரிந்த முகங்களுக்கு மட்டும் உள்ளிருந்து வந்தது. நத்தார் கேக் காலம் நெருங்கியபோது வெதுப்பக உரிமையாளர்களும் குரல் எழுப்பினார்கள். வெள்ளவத்தையில் முட்டை அப்பம் சுடும் கடைக்காரரோ, முட்டையின் கட்டுப்பாட்டு விலையையும் தான் உண்மையில் கொடுத்து வாங்கும் விலையையும் ஒப்பிட்டு அப்பத்தின் விலையை மாற்றி எழுத வேண்டியவரானார்.

சில்லறை விலைக்குப் பண்ணையாளர் ஏன் வழக்குத் தொடுக்கிறார்?

வர்த்தமானி நிர்ணயித்தது சில்லறை விலையை. பண்ணையாளர் சில்லறை வியாபாரி அல்லர். பின் ஏன் அவர்கள் நீதிமன்றம் சென்றார்கள் என்று ஒரு வாசகர் கேட்கலாம். சில்லறை விலைக்குப் போடப்படும் தடுப்பு, சங்கிலி வழியாகப் பின்னோக்கிப் பயணம் செய்யும் என்பதே பதில். கடைக்காரர் 43 ரூபாவுக்கு மேல் விற்க முடியாதாகில் 40 ரூபாவுக்கு மேல் வாங்க மாட்டார். மொத்த வியாபாரி 37 அல்லது 38 ரூபாவுக்கு மேல் கொடுக்க மாட்டார். சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்பவருக்கு வேறு எவரிடமும் நட்டத்தைத் தள்ளிவிட இடமில்லை. அவருக்குத் தீவனம் விற்பவர் மீது விலைக்கட்டுப்பாடு இல்லை. ஒரு பக்கம் திறந்த சந்தை, மறுபக்கம் மூடிய கதவு. உற்பத்திச் செலவைக் கணக்கில் எடுக்காமல் விலை நிர்ணயிக்கப்பட்டது என்பதே உற்பத்தியாளர்களின் முதன்மையான முறைப்பாடு.

அவர்கள் சென்றது மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு. பெயர் அவ்வாறு இருப்பினும் இது மேன்முறையீடு அல்ல. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 140 ஆவது உறுப்புரை, அரச அதிகாரிகளும் சபைகளும் எடுக்கும் முடிவுகளை எழுத்தாணை மூலம் பரிசீலிக்கும் நியாயாதிக்கத்தை அந்த நீதிமன்றத்துக்கு அளித்திருக்கிறது. ஒரு முடிவு சட்டத்துக்கு அப்பாற்பட்டதாகவோ, நியாயமற்றதாகவோ, முறைகேடாகவோ எடுக்கப்பட்டிருந்தால் அதனை இரத்துச் செய்யலாம். சரியான விலை எது என்று நீதிமன்றம் சொல்லாது. விலை சரியான வழியில் தீர்மானிக்கப்பட்டதா என்று மட்டுமே கேட்கும்.

2022 ஆம் ஆண்டின் இறுதிக் கட்டத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த வர்த்தமானி அறிவித்தலின் செயற்பாட்டை இடைநிறுத்தி இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. இடைக்கால உத்தரவு இறுதித் தீர்ப்பு அல்ல. இருந்தும், அரசாங்கத்தின் வர்த்தமானி ஒன்று கோழிப்பண்ணையாளரின் மனுவின் பேரில் நின்றுபோனது என்பது சாதாரண விடயம் அல்ல. அதன் அருமை, புதுக்கடையின் பழைய கதைகளை அறிந்தவர்களுக்கே முழுமையாக விளங்கும்.

நக்குடா அலியின் வழக்கு

கொட்டாஞ்சேனையில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது புதுக்கடை. கொழும்பு முற்றுகையின்போது 1656 இல் உயிரிழந்த ஒல்லாந்தத் தளபதி ஹுல்ஃப்ற் என்பவரின் பெயரால் ஆங்கிலத்தில் ஹல்ஸ்டோர்ப் என வழங்கும் அவ்விடம், தலைமுறை தலைமுறையாக நாட்டின் நீதிமன்றங்களின் இருப்பிடமாக இருந்து வருகிறது.

இலங்கையில் விலைக்கட்டுப்பாடு பிறந்தது இரண்டாம் உலக யுத்தத்தின் பிள்ளையாக. 1939 இல் விலைக்கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. தொடர்ந்து பங்கீட்டு முறையும் கூப்பன் புத்தகமும் வந்தன. யுத்தம் முடிந்த பின்னரும் கட்டுப்பாடு போகவில்லை. 1950 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலைக்கட்டுப்பாட்டுச் சட்டமாக நிலைபெற்றது. அக்காலச் சட்ட அறிக்கைத் தொகுதிகளைப் புரட்டினால், கட்டுப்பாட்டு விலைக்குச் சில சதங்கள் கூடுதலாக விற்றதற்காகத் தண்டிக்கப்பட்ட கடைக்காரர்களின் மேன்முறையீடுகள் வரிசையாகக் கிடைக்கும். ஆனால் அவர்கள் எல்லோரும் தண்டிக்கப்பட்ட பின்னர் வந்தவர்கள். கட்டளையையே எதிர்த்து வந்தவர்கள் மிகச் சிலர்.

அந்தச் சிலருள் ஒருவர் துணி வியாபாரி நக்குடா அலி. 1945 ஆம் ஆண்டின் துணிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின் கீழ், ஒரு வியாபாரி தொடர்ந்து வியாபாரம் செய்யத் தகுதியற்றவர் என நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால் அவரது அனுமதிப்பத்திரத்தைத் துணிக் கட்டுப்பாட்டாளர் இரத்துச் செய்யலாம். நக்குடா அலியின் பத்திரம் அவ்வாறு இரத்தானது. அவர் உயர் நீதிமன்றம் சென்றார், தோற்றார். இலண்டனில் உள்ள பிரிவிக் கவுன்சிலுக்குச் சென்றார். 1950 இல் அங்கும் தோற்றார். கட்டுப்பாட்டாளருக்கு உண்மையிலேயே நியாயமான காரணம் இருக்க வேண்டும் என்பதைப் பிரிவிக் கவுன்சில் ஏற்றுக்கொண்டது. ஆயினும் அவர் நீதிபதியைப் போல் செயற்படவில்லை, நிருவாகியாகவே செயற்பட்டார். ஆதலால் எழுத்தாணை அவருக்கு எதிராகச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஒருவரின் பிழைப்பைப் பறிக்கும் முடிவாக இருந்தாலும், அது நிருவாக முடிவு என்று பெயர் சூட்டிவிட்டால் நீதிமன்றத்தின் கை அதை எட்டாது என்பதே இதன் பொருள்.

ஆங்கிலச் சட்டம் படிக்கும் மாணவர்கள் உலகெங்கும் இந்த இலங்கை வழக்கைப் படிக்கிறார்கள். பெரும்பாலும் எப்படித் தீர்க்கக்கூடாது என்பதற்கு உதாரணமாக. 1963 இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, ரிட்ஜ் எதிர் போல்ட்வின் வழக்கில் இந்த நிலைப்பாட்டைக் கைவிட்டது. உரிமையைப் பாதிக்கும் முடிவு எதுவாயினும் பாதிக்கப்படுபவரின் சொல்லைக் கேட்க வேண்டும் என்ற கொள்கை மீண்டும் உயிர்பெற்றது.

மூன்று ஆண்டுகளில் அதே கேள்வி யாழ்ப்பாணத்தில் இருந்து எழுந்தது. 1966 இல் உள்ளூராட்சி அமைச்சர் யாழ்ப்பாண மாநகர சபையை, அதன் விளக்கத்தைக் கேளாமலே கலைத்தார். மேயர் அல்பிரட் துரையப்பா வழக்குத் தொடுத்தார். பிரிவிக் கவுன்சில், சபையின் தரப்பைக் கேட்டிருக்கவே வேண்டும் என்று கூறியது. ஆனால் குறைகேட்டு வரவேண்டியது சபையே, மேயர் தனியாக வர முடியாது என்று சொல்லி அவரது மனுவைத் தள்ளிவிட்டது. கொள்கையில் வெற்றி, வழக்கில் தோல்வி. யார் வழக்குத் தொடுக்கலாம் என்ற கேள்வி எத்தனை கனமானது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. சில்லறை விலைக் கட்டளையை எதிர்த்து உற்பத்தியாளர் வரலாமா என்று இன்று எளிதாகக் கேட்டு எளிதாகப் பதில் சொல்கிறோம். அந்த எளிமை நக்குடா அலியின் தோல்வியும் துரையப்பாவின் அரைத் தோல்வியும் கடந்து வந்த பாதையின் முடிவில் கிடைத்தது.

அயலில் உள்ள இந்தியாவின் நிலை வேறு. 1977 இல் கடுகு எண்ணெய் கிலோ 10 ரூபாவுக்கு மேல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு கட்டளையிட்டபோது எண்ணெய் ஆலைக்காரர்கள் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு 1978 இல் அரசின் பக்கமே நின்றது. நுகர்வோருக்கு நியாய விலையில் பொருள் கிடைப்பதே கட்டுப்பாட்டின் நோக்கம்; உற்பத்தியாளரின் இலாபம் அதில் இரண்டாம் இடத்துக்குரியது என்பது அதன் சாரம். 1987 இல் மருந்து விலை வழக்கொன்றில் அதே நீதிமன்றம், விலை நிர்ணயம் சட்டவாக்கத் தன்மையுடையது, எனவே ஒவ்வொருவரையும் அழைத்து விளக்கம் கேட்க வேண்டியதில்லை என்றும் கூறிவிட்டது. இந்த வாதத்திலும் நியாயம் உண்டு. பட்டினி வாசலில் நிற்கும்போது ஒவ்வொரு பண்ணையாளரையும் அழைத்து விசாரித்துக்கொண்டிருக்க எந்த அரசாலும் முடியாது.

கனடாவின் கோழி யுத்தம்

உலகில் முட்டைக்காக அதிகம் வழக்காடிய நாடு எது என்று கேட்டால் கனடாவைத்தான் சொல்ல வேண்டும். ரொறன்ரோவில் வாழும் எமது வாசகர்கள் கடையில் ஒரு டசின் முட்டையை எடுக்கும்போது, அதன் பின்னால் மூன்று உச்ச நீதிமன்ற வழக்குகள் இருப்பதை எண்ணிப்பார்க்க நேரமிருக்காது.

1960 களின் இறுதியில் கனடாவின் சிக்கல் எமது சிக்கலுக்கு நேர்மாறானது. அங்கே முட்டை அளவுக்கு மிஞ்சியது, விலை சரிந்தது. மாகாணங்கள் சந்தைப்படுத்தல் சபைகளை அமைத்துத் தத்தம் பண்ணையாளர்களைக் காக்க முனைந்தன. கியூபெக் மாகாணம் வெளிமாகாண முட்டைகளையும் தனது சபையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதனால் பாதிக்கப்பட்டது முட்டையை வெளியே விற்றுப் பிழைத்த மனிடோபா. கியூபெக்கின் விதியை நேரடியாக எதிர்க்க வழி தெரியாத மனிடோபா ஒரு தந்திரம் செய்தது. கியூபெக்கின் திட்டத்தைப் போன்ற ஒன்றைத் தானே வரைந்து, இது செல்லுமா என்று தனது நீதிமன்றத்திடமே கேட்டது. செல்லாது என்ற பதில்தான் அதற்கு வேண்டியிருந்தது, அதுவே கிடைத்தது. 1971 இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது: மாகாணங்களுக்கு இடையிலான வர்த்தகத்தை ஒரு மாகாணம் கட்டுப்படுத்த முடியாது.

அடுத்த ஆண்டே மத்திய பாராளுமன்றம் சட்டமியற்றி, கனேடிய முட்டைச் சந்தைப்படுத்தல் முகவரகத்துக்கு வழிவகுத்தது. ஒவ்வொரு மாகாணத்துக்கும் எத்தனை முட்டை என்ற பங்கு வகுக்கப்பட்டது. விலையைத் தாங்கிப் பிடிக்கும் இந்த முயற்சியில் 1974 இல் ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சம் முட்டைகள் களஞ்சியத்தில் அழுகிப்போன செய்தி நாட்டையே உலுக்கியது. ஆயினும் 1978 இல் உச்ச நீதிமன்றம் திட்டத்தின் பெரும்பகுதியைச் செல்லுபடியாக்கியது.

மூன்றாவது வழக்கே எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. 1972 இல் பங்கு வகுத்தபோது கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் வணிக ரீதியான முட்டை உற்பத்தி இருக்கவில்லை. ஆதலால் அதற்குப் பங்கும் இல்லை. பின்னாளில் அங்கே பண்ணை அமைத்தவர்கள் தமது முட்டையை வெளியே விற்கச் சட்டத்தில் வழியே இல்லை என்பதைக் கண்டார்கள். அவர்கள் விற்றார்கள், முகவரகம் வழக்குத் தொடுத்தது. தொழில் செய்யும் உரிமையையும் கூடிச் செயற்படும் உரிமையையும் அரசியலமைப்பு தருகிறதே என்று அவர்கள் வாதாடினார்கள். பிரதேசத்தின் இரு நீதிமன்றங்களும் அவர்கள் பக்கம் நின்றன. 1998 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் முகவரகத்தின் மேன்முறையீட்டை ஏற்றது. பண்ணையாளர்கள் தோற்றார்கள். ஆனால் பின்னர் வடமேற்குப் பிரதேசம் தேசிய உடன்பாட்டில் சேர்க்கப்பட்டு அதற்கும் பங்கு கிடைத்தது. நீதிமன்றத்தில் இழந்ததைப் பேச்சுவார்த்தை மேசையில் பெற்றார்கள் எனலாம்.

கனடாவில் ஒழுங்குபடுத்துவோர் விலை விழாமல் காத்தார்கள். கொழும்பில் விலை ஏறாமல் காத்தார்கள். திசை வேறு, கேள்வி ஒன்று. சந்தையில் எத்தனை, எந்த விலைக்கு என்பதைத் தீர்மானிக்கும் மேசையில் பண்ணையாளருக்கு இருக்கை உண்டா? கனடாவில் பங்கு பெற்ற பண்ணையாளருக்கு உண்டு; பங்கில்லாதவருக்கு இல்லை. பிரித்தானியாவில் 1957 இல் தொடங்கிய முட்டைச் சந்தைப்படுத்தல் சபை, முட்டையில் சிறு சிங்க முத்திரை குத்தி விற்றது. பண்ணையாளர்களோ முத்திரை இல்லாமல் பண்ணை வாசலிலேயே விற்கத் தொடங்கினார்கள். 1971 இல் சபை மூடப்பட்டது. நாமக்கல் பக்கம் பார்த்தால், 1982 இல் உருவான தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் மூலம் பண்ணையாளர்கள் தாமே நாள்தோறும் விலையை அறிவிக்கிறார்கள். அதற்கும் குறைகள் உண்டு. அறிவித்த விலைக்கும் வியாபாரி கொடுக்கும் விலைக்கும் இடைவெளி உண்டு. எனினும் விலை யாருடைய வாயில் இருந்து வருகிறது என்பதில் ஒரு வேறுபாடு இருக்கவே செய்கிறது.

கிலோவும் கப்பலும்

கொழும்புக்குத் திரும்புவோம். இடைக்கால உத்தரவுடன் விவகாரம் முடிந்துவிடவில்லை. 2023 ஏப்ரலில் அதிகாரசபை புதிய வழியொன்றைக் கண்டது. எண்ணிக்கைக்குப் பதிலாக எடை. வெள்ளை முட்டை கிலோ 880 ரூபா. சிவப்பு முட்டை கிலோ 920 ரூபா. 50 கிராம் எடையுள்ள முட்டை என்று கணக்கிட்டால் ஒன்று 44 ரூபாவும் 46 ரூபாவும் ஆகும். 60 கிராம் முட்டையாயின் வெள்ளை 52 ரூபா 80 சதம். பெரிய முட்டைக்குப் பெரிய விலை என்பது தத்துவத்தில் நியாயமானதே. ஆனால் எமது நாட்டில் முட்டையை எவரும் நிறுத்து வாங்கியதில்லை. மூன்று முட்டை வாங்க வரும் கொட்டாஞ்சேனைத் தொழிலாளியின் மனைவிக்காகக் கடைக்காரர் தராசைத் தேட வேண்டியதாயிற்று.

அதற்கு முன்பே கப்பல் வந்திருந்தது. 2023 மார்ச்சில் அரச வர்த்தகக் கூட்டுத்தாபனத்தின் மூலம் இந்தியாவில் இருந்து முதல் தொகுதியாக 20 இலட்சம் முட்டைகள் இறக்கப்பட்டன. முதலில் வெதுப்பகங்களுக்கும் உணவகங்களுக்கும், பின்னர் பொதுமக்களுக்கும் அவை கிடைத்தன. வர்த்தமானியை எதிர்த்து நீதிமன்றம் சென்ற பண்ணையாளருக்கு இறக்குமதியை எதிர்த்து அதே அளவு வாய்ப்பு இல்லை. இறக்குமதி அரசாங்கத்தின் கொள்கை முடிவு. இந்த அனுபவம் எமது வடபகுதி விவசாயிகளுக்குப் புதிதன்று. 1970 முதல் 1977 வரை இறக்குமதித் தடையின் நிழலில் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டுத் தலைநிமிர்ந்த யாழ்ப்பாண விவசாயி, 1977 இன் திறந்த பொருளாதாரத்தின் பின்னர் எவ்வாறு தலைகுனிந்தார் என்பதை அக்காலத்தவர்கள் அறிவர். அவர்களுக்கு எந்த எழுத்தாணையும் உதவியிருக்க முடியாது.

அரிசியிலும் அதே கதைதான். 2021 செப்டெம்பர் தொடக்கத்தில் அரிசிக்கு அதிகபட்ச விலை விதித்த அரசாங்கம், அந்த மாத இறுதியில் தானே அதனை விலக்கிக்கொண்டது. அங்கே வழக்குத் தேவைப்படவில்லை. பெரிய ஆலைக்காரர்களின் பலமே போதுமாயிருந்தது. முட்டை உற்பத்தியாளர்களுக்கு அந்தப் பலம் இல்லாததால்தான் அவர்கள் புதுக்கடைப் படியேற வேண்டியிருந்தது. பலமுள்ளவர் தொலைபேசியில் முடிப்பதைப் பலமற்றவர் மனுவில் கேட்கிறார். எழுத்தாணை என்ற ஏற்பாட்டின் பயன் இதுதான் என்பேன்.

இனி, மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வழக்குத் தொடுத்தவர்களுள் சிறு பண்ணையாளர் மட்டும் இருக்கவில்லை. பெரும் உற்பத்தியாளர்களின் நலனும் அதில் கலந்திருந்தது. 2022 இல் முட்டை 50 ரூபாவைத் தாண்டியபோது பள்ளிக்கூடப் பிள்ளையின் தட்டில் இருந்து அது மறைந்தது என்பதும் உண்மை. நாளாந்தச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு நீதிமன்றத்தில் சட்டத்தரணி இல்லை. அவர்கள் சார்பில் பேசக் கடமைப்பட்டது அதிகாரசபைதான். அது விலையைக் கட்டுப்படுத்த முனைந்ததைக் குற்றமாகக் கொள்ள முடியாது. சோளத்தையும் டொலரையும் கட்டுப்படுத்த முடியாத அரசு, கட்டுப்படுத்தக்கூடிய ஒரே ஆளைக் கட்டுப்படுத்தியது என்பதுதான் குறை. தீவனத்துக்கு மானியமோ, ஏழைக் குடும்பங்களுக்கு நேரடி உதவியோ கொடுப்பதற்குப் பணம் வேண்டும். வர்த்தமானிக்கு அச்சுச் செலவு மட்டுமே.

முடிவில் விலையை இறக்கியது எது? டொலர் நிலைபெற்றது, தீவனம் கிடைத்தது, தாய்க்கோழிக் குஞ்சுகள் வந்தன, அவை பொரித்த குஞ்சுகள் வளர்ந்து முட்டையிட்டன. 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முட்டையின் விலை 2022 இன் கட்டுப்பாட்டு விலைக்கும் கீழே இறங்கியது. அப்போது பண்ணையாளர்கள், செலவுக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லை என்று முறையிட்டார்கள். விலை ஏறும்போது உச்சவரம்பு விதிக்க ஒரு சபை இருக்கிறது. விலை விழும்போது அடிவரம்பு விதிக்க எவரும் இல்லை. அந்த முறைப்பாட்டுடன் எந்த நீதிமன்றத்துக்கும் செல்ல முடியாது.

நீதிமன்றம் கோழிக்குத் தீவனம் போடாது. முட்டையின் விலையையும் சொல்லாது. ஆனால் விலையைச் சொல்ல வந்தவரிடம், அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்க அதனால் முடியும். 1950 இல் நக்குடா அலிக்காக அந்தக் கேள்வியைக் கேட்க நீதிமன்றத்துக்குத் தனக்கு அதிகாரம் உண்டு என்ற துணிவு வரவில்லை. எழுபத்திரண்டு ஆண்டுகளின் பின்னர், முட்டைக்காக அது கேட்டது.